ஐந்தாவது பறவை

பஸ்ஸில் நான் எப்போதும் மலைப் பக்கத்து இருக்கையில்தான் உட்காருவேன். ஆற்றுப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்கும். மடியில் புரூஃப் தாள்களை விரித்து வைத்து வாசிக்கிறவனுக்கு அது பெரிய தொல்லை. மெரியல் கார்சைடின் வீட்டுக்கு எப்படிப் போய்வருவீர்கள் என்றுதான் முதல் கேள்வியாகக் கேட்டீர்கள், சார்ஜென்ட் க்ராப்ட்ரீ. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். யார்க்கிலிருந்து ஹாலிஃபாக்ஸ் வரை ரயில். அங்கிருந்து பள்ளத்தாக்கு வழியாக மேலே போகும் பஸ். அவள் வீட்டு நிறுத்தத்தில் இறங்கி, கல் பாவிய ஏற்றத்தில் கொஞ்ச தூரம் நடை. பதினைந்து குளிர்காலம் இப்படித்தான் போய்வந்தேன். கோடையெல்லாம் அவள் எழுதுவாள், குளிர்காலத்தில் நான் திருத்துவேன். அதுதான் எங்கள் ஏற்பாடு.

நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்துகொள்வதாகச் சொன்னீர்கள். வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். உங்கள் நிலையத்தில் காற்புள்ளியை மிளகுத்தூள் மாதிரி தூவுகிறார்கள். வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் வாக்கியங்களைச் சரிசெய்தவன், தன் சொந்த வாக்குமூலத்தைப் பிழையோடு விட்டுப்போக முடியாது. வக்கீல் வேண்டுமா என்றும் கேட்டீர்கள். வக்கீல் வந்தால் எனக்கு முன்னால் அவர் எதையாவது வெட்டிவிடுவார். வெட்டுவது என் வேலை.

என் பெயர் லயனல் தோர்ப். யார்க்கில் ஒரு சின்னக் குழந்தைப் புத்தகப் பதிப்பகத்தில் எடிட்டர். மெரியல் அப்போது ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அனுப்பிய முதல் கைப்பிரதி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் வந்தது. மேலே பூனை முடி ஒட்டியிருந்தது. அலுவலகத்தில் ஆளாளுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் மட்டும் மூடியைத் திறந்து வாசித்தேன். அவளை உலகத்துக்குக் காட்டியவன் நான்தான் என்று சொன்னால் அது தற்பெருமை ஆகாது. அவளே ஒவ்வொரு புத்தகத்தின் நன்றியுரையிலும் அதைச் சொல்லியிருக்கிறாள்.

பள்ளி மாணவியாக இருந்தபோது அந்தப் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கியதாகச் சொன்னீர்கள். இந்தத் தாளைப் பார்க்கப்போகும் நீதிபதி படித்திருக்க மாட்டார்; அவருக்காகச் சொல்கிறேன். ஹெட்டி என்று ஓர் அநாதைச் சிறுமி. ஆற்றங்கரையில் பழைய சாயப்பட்டறை ஒன்றின் மாடியில் இருக்கிறாள். பட்டறையின் உலையைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் ஆம்ப்ரோஸ் மட்டும்தான் அவளுக்குத் துணை. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பறவை வந்து, பூட்டிக் கிடக்கும் ஓர் அறைக்குள் அவளை அழைத்துப் போகிறது. முதல் புத்தகம் காகத்தின் அறை. இரண்டாவது அன்னம். மூன்றாவது மயில். நான்காவது பெலிக்கன்.

அன்னம் வந்த வருடமே எனக்குப் புரிந்துவிட்டது. நான் பல்கலைக்கழகத்தில் படித்தது பழைய ரசவாதிகளின் சித்திரங்களை. ஈயத்தைப் பொன்னாக்கப் பார்த்த அந்த மனிதர்கள் தங்கள் வேலையை வெளிப்படையாக எழுதவில்லை. பறவைகளாக வரைந்து வைத்தார்கள். குடுவையில் போட்டது அழுகிக் கறுத்தால் அது காகம். கறுப்பு வெளுத்தால் அன்னம். வெளுப்பின்மேல் பல வண்ணம் ஓடினால் மயில். தன் நெஞ்சைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ரத்தம் ஊட்டும் பெலிக்கன் அதற்கு அடுத்த கட்டம். கடைசியில் எல்லாம் நெருப்பில் வெந்து, சாம்பலாகி, சிவந்து எழுந்தால் அதுதான் பீனிக்ஸ். அதுதான் பொன். பீனிக்ஸ் இல்லையென்றால் முன்னால் நடந்த நான்கும் வெறும் அழுக்குத் தண்ணீர்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நீங்கள் சொல்லலாம். ஒரு காகம் உட்காரும், ஒரு பழம் விழும். நான்கு பறவைகள் வரிசை மாறாமல் உட்கார்ந்து நான்கு பழம் விழுமா?

அன்றைக்கே நான் அவளைக் கேட்டேன். அவள் வீட்டுத் தோட்டத்தின் கோடியில் ஒரு மரக் கொட்டகை. எழுதுவதெல்லாம் அதற்குள்தான். மண்ணெண்ணெய்க் கணப்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"மெரியல், உனக்கு ரசவாதம் தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரே வாதம் எங்க அம்மாவோட முடக்குவாதம்தான்," என்று சிரித்தாள். "இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கோ கண்ணு. காஞ்சு போயிடும்."

நான் ஐந்து பறவைகளையும் அவளுக்கு விளக்கினேன். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அடேயப்பா, என் புத்தகத்துல இவ்வளவு இருக்கா?" என்றாள். அந்தத் தொனியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ரசவாதிகள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். தெரிந்ததைத் தெரியாததுபோல் சொல்வதுதான் அந்தத் துறையின் முதல் பாடம்.

அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம். ஹெட்டியின் சாம்பல் நிறக் கோட்டை நான் கறுப்பாக மாற்றுவேன். ஒரு நிலவை எடுத்துச் சரியான அத்தியாயத்தில் வைப்பேன். "நீ சொன்னா சரி கண்ணு," என்பாள். ஒருமுறைகூட மறுத்ததில்லை. பழைய சித்திரங்களில் உலைக்கு இருபுறமும் இருவர் மண்டியிட்டிருப்பார்கள். ஓர் ஆண், ஒரு பெண். வேலை பலிக்க இரண்டு பேரும் வேண்டும். கொட்டகையின் கணப்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவது பதினைந்து குளிர்காலமும் என் பொறுப்பாக இருந்தது. டப்பா கொட்டகைக்குப் பின்னால் இருக்கும். அவளுக்கு முதுகு வலி, குனிய முடியாது. நான் ஊற்றும்போதெல்லாம் "வந்துட்டார்டா எங்க உலைக்காரர்," என்று கேலி செய்வாள். ஆம்ப்ரோஸ் யாரென்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு மனைவி மக்கள் இல்லை. அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதுமாக இருந்தது.

நான் ஒரு சின்னப் புத்தகம் எழுதினேன்: உலையும் ஐந்து பறவைகளும். ஆசிரியர்கள் வாங்கினார்கள். பள்ளிகளிலிருந்து கூப்பிட்டார்கள். பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்துப் படங்களைக் காட்டுவேன். முடிக்கும்போது குரலைத் தாழ்த்தி, "ஐந்தாவது பறவை வரும். அது எரியும். எரிந்து எழும்," என்பேன். அறையே மூச்சை அடக்கிக்கொள்ளும். மெரியலுக்கு அதெல்லாம் தெரியும். எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள் என்று விசாரிப்பாள். ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, "லயனல், அப்படி எதுவும் இல்லை," என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை ஏணியில் ஏறவிட்டுக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் அவள் ஊர் மண்டபத்தில் புத்தகத் திருவிழா நடந்தது. மேடையில் அவளும் நானும். முன்வரிசைகள் முழுக்கப் பிள்ளைகள். என் பேச்சைக் கேட்டவர்கள் தலையில் சிவப்பு இறகு குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். கேள்வி நேரத்தில் முன்பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்தாள்.

"மிஸஸ் கார்சைட், பீனிக்ஸ் எரியும்போது அதுக்கு வலிக்குமா?"

"பீனிக்ஸா? எந்தப் பீனிக்ஸ் கண்ணு?"

"அஞ்சாவது பறவை. மிஸ்டர் தோர்ப் சொன்னாரே."

மெரியல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒலிபெருக்கியை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"சரி, இன்னிக்கு உண்மையைப் போட்டு உடைச்சிடறேன். அந்தக் காலத்துல ஸ்கூல் வேலையை முடிச்சிட்டு பஸ்ல வீட்டுக்கு வருவேன். கால் ரெண்டும் கெஞ்சும். கண்ணு சொக்கும். தூங்கிட்டா நிறுத்தம் போயிடும், அப்புறம் மழையில திரும்பி நடக்கணும். அதனால வழியில ஒவ்வொரு பப் வாசல்லயும் பேருக்கேத்த படம் போட்டுத் தொங்கற போர்டை எல்லாம் எண்ணிக்கிட்டே வருவேன். முதல்ல கறுப்புக் காகம். அடுத்து வெள்ளை அன்னம். அப்புறம் மயில். பெலிக்கன் வந்துச்சுன்னா பையை எடுத்துக்கிட்டு எந்திரிக்கணும். அவ்வளவுதாம்மா. என் பறவை எல்லாம் அந்த போர்டுலதான் உக்காந்திருக்கு."

பின்னாலிருந்து யாரோ ஒரு தகப்பன், "அஞ்சாவது பப் எது?" என்று கத்தினான்.

"அஞ்சாவதா? ஆட்டுத் தொடை!"

மண்டபம் அதிர்ந்தது. நம் நாட்டில் ஆட்டுத் தொடை என்ற பெயரில் பப் இல்லாத ஊர் குறைவு. அதனால் எல்லோருக்கும் சட்டென்று புரிந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவள் அடுத்ததைப் போட்டாள்.

"அந்தப் பேருல புத்தகம் போட்டா கசாப்புக் கடையிலதான் விக்கணும். அதனால அஞ்சாவது புத்தகத்துக்குப் பேரு 'கடைசி நிறுத்தம்'. ஹெட்டி வளந்துட்டா. பஸ் ஏறி ஊரை விட்டுப் போறா. ஆம்ப்ரோஸ் உலையை அணைச்சிட்டு ஸ்கார்பரோவுல தங்கச்சி வீட்டுக்குப் போயிடறாரு."

"ஆம்ப்ரோஸ் மிஸ்டர் தோர்ப் தானே?" என்றான் ஒரு பையன்.

"இல்லடா ராஜா. எங்க ஸ்கூல்ல பாய்லர் பாத்துக்கிட்ட சிரில்னு ஒருத்தர். தங்கமான மனுஷன். கிட்டப் போனா மட்டும் கருவாட்டு வாடை."

மறுபடியும் சிரிப்பு. என் கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. அதைச் சிந்தாமல் மேசையில் வைத்தேன். நானும் சிரித்தேன் என்று பத்திரிகைப் படத்தில் தெரிகிறது. எனக்கு வலித்தது, சார்ஜென்ட். இதற்கு வேறு நல்ல சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பதினைந்து வருடம் ஒரு பெண்ணோடு ஒரே உலைக்கு முன்னால் மண்டியிட்டிருந்ததாக நினைத்தேன். அவள் பஸ்ஸில் தூக்கம் வராமல் இருக்கப் பப் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிறுமி மட்டும் உட்காரவில்லை. "அப்ப யாரும் எரிய மாட்டாங்களா?" என்றாள்.

"யாரும் எரிய மாட்டாங்க கண்ணு. அந்த இறகைக் குடு, நான் தொப்பியில குத்திக்கறேன்."

பிள்ளை முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வெளியே மண்டபத்து நடையில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவமா? உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்! பதினஞ்சு வருஷமா அதே பஸ்ல வர்றே. நாலு போர்டும் வீடு மாதிரி பெருசு. நாம ரெண்டு பேரும் சேந்து ஊரை ஏமாத்தறோம், நல்ல தமாஷுன்னு நினைச்சிக்கிட்டிருந்தேன்." நான் தாள் படித்துக்கொண்டே வருகிறவன், வெளியே பார்ப்பதில்லை என்றேன். "அய்யோ பாவமே," என்றாள். அந்த இரண்டு சொல்லை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை என் பேச்சைக் கேட்ட பிள்ளைகள் எல்லாம் அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு அந்த பஸ்ஸில் ஏறினார்களாம். காகம், அன்னம், மயில், பெலிக்கன் என்று கூவிக்கொண்டே போனார்களாம். ஆட்டுத் தொடை வந்ததும் பஸ்ஸே கைதட்டியதாம். ஓர் ஆசிரியை எனக்குத் தொலைபேசியில் இதைச் சந்தோஷமாகச் சொன்னாள். "பசங்க இவ்வளவு குஷியா இருந்து நான் பாத்ததே இல்ல," என்றாள். நான் வருடக்கணக்கில் குரலைத் தாழ்த்திச் சொன்னதைவிட அவர்களுக்கு அது பிடித்திருந்தது. பிள்ளைகளிடம் நன்றி எதிர்பார்க்கக்கூடாது என்பார்கள். நான் எதிர்பார்த்தேன்.

ஐந்தாவது புத்தகம் முழுவதும் எனக்குத் தெரியவந்தது. அவள் மேடையில் சொன்னது விளையாட்டில்லை. நெருப்பு ஒரு பக்கத்தில்கூட இல்லை. கடைசி வரியில் ஹெட்டி பஸ் சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறாள், அவ்வளவுதான். இப்படி ஒரு முடிவை அச்சுக்குப் போகவிட்டால், முன்னால் வந்த நான்கு புத்தகமும் செத்துப்போகும். கண் முன்னால் குழந்தை கிணற்றில் விழும்போது எந்தத் தாதியும் கைகட்டிக்கொண்டு நிற்கமாட்டாள். அதனால் அந்தக் கைப்பிரதியை எரிப்பது என்று முடிவு செய்தேன். சாம்பலிலிருந்து அவள் மறுபடியும் எழுதட்டும், சரியாக எழுதட்டும் என்று நினைத்தேன்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போனேன். வழக்கமான பஸ், வழக்கமான இருக்கை. பின்பக்கத்துச் சின்னக் கேட் வழியாகத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். மதிய உணவுக்குப் பிறகு அவள் கொட்டகையில் சாய்வு நாற்காலியில் கொஞ்சம் கண்ணயர்வாள். அதுவும் பழைய பழக்கம்தான். கொட்டகைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு கொண்டி உண்டு. மலையிலிருந்து இறங்கிவரும் ஆடுகள் கதவை முட்டிக்கொண்டு உள்ளே போய்த் தாள்களைத் தின்றுவிடும். அதற்காக நான்தான் அதைப் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கும் அதை மாட்டினேன். கை தானாகச் செய்தது. பிறகு பின்னால் போய் மண்ணெண்ணெய் டப்பாவைத் தூக்கினேன். தகரம் கல்லில் உரசிச் சத்தம் வந்தது.

உள்ளேயிருந்து குரல் கேட்டது. "லயனலா? வந்துட்டார்டா எங்க உலைக்காரர்." தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் சந்தோஷமான குரல். திருவிழாவுக்குப் பிறகு நான் வரவே இல்லை. கோபம் தீர்ந்து வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். "கெட்டிலைப் போடறேன், உள்ள வா கண்ணு."

நான் கணப்புக்கு ஊற்றவில்லை. கொட்டகைச் சுவரில் ஊற்றினேன்; தார் பூசிய பலகைகள் அவை. மழைக்காகப் பூசியது.

இந்த இடத்தில் நீங்கள் பேனாவை நிறுத்தச் சொன்னீர்கள்.

"கைப்பிரதியை எரிக்கப் போனேன்னு எழுதியிருக்கீங்க, மிஸ்டர் தோர்ப்."

"ஆமாம்."

"கைப்பிரதி உங்க வீட்டுச் சமையலறை அலமாரியில இருந்துச்சு. பிஸ்கட் டப்பாவுக்குள்ள. நாங்கதான் எடுத்தோம்."

நான் மேலே எழுதியதைத் திரும்பிப் படித்துப் பார்த்தேன். ‘ஐந்தாவது புத்தகம் முழுவதும் எனக்குத் தெரியவந்தது’ என்று இருக்கிறது. வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் பக்கத்தில் பென்சிலால் கேட்டிருப்பேன்: எப்படித் தெரியவந்தது? யார் தந்தது? திருவிழா முடிந்த மாலை, நடையில் வைத்தே அவள் டப்பாவை என் கையில் கொடுத்தாள். அவள் எப்போதும் ஒரே ஒரு பிரதிதான் வைத்திருப்பாள். "உன்கிட்ட இருந்தாதான் எனக்குத் தூக்கம் வரும்," என்பாள். மார்ச் மாதம் அந்தக் கொட்டகையில் எரிப்பதற்கு ஒரு தாள்கூட இல்லை. அது எனக்குத் தெரியும். ஒரு நாற்காலி இருந்தது, கெட்டில் இருந்தது, மெரியல் இருந்தாள்.

ஆகவே அந்த வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன். நான் கைப்பிரதியை எரிக்கப் போகவில்லை.

அவளுக்கு உடனே புரியவில்லை. "லயனல், கதவு மாட்டிக்கிச்சு கண்ணு, கொஞ்சம் தள்ளி விடு," என்றாள். நான்தான் காப்பாற்றுவேன் என்று நம்பித்தான் என்னைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை கூப்பிட்டாள். இந்த முறை என் பெயர் மட்டும்தான். ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு தடவை வந்தால் ஒன்றை எடுத்துவிடுவது எடிட்டரின் பழக்கம். இரண்டாவதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வலித்திருக்கும். அந்தச் சிறுமி கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். ஆனால் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லக்கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தபோது நான் கல்சுவரில் உட்கார்ந்திருந்தேன். ஓடவில்லை, ஒளியவில்லை, அதை நீங்கள் குறித்துக்கொண்டிருக்கிறீர்கள். தீயணைப்புக்காரர்களிடம் தண்ணீர் அடிக்காதீர்கள், சாம்பல் கலைந்துவிடும் என்று சொன்னேன். அதை வைத்து எனக்குப் பைத்தியம் என்று உங்கள் மருத்துவர் எழுதப் பார்க்கிறார். எனக்குப் பைத்தியமில்லை. எரிந்தவர்கள் எழுந்து வரமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். எழவேண்டியது புத்தகம். பீனிக்ஸின் அறை என்ற கடைசி அத்தியாயத்தை அவள் எழுத்து நடையிலேயே நான் எழுதி வைத்திருக்கிறேன். என் மேசையில் இருக்கிறது. அதற்கு ஒரு நன்றியுரையும் எழுதினேன். அதில் அவளைக் ‘காலஞ்சென்ற மெரியல் கார்சைட்’ என்று குறிப்பிட்டிருக்கிறேன். அதை எழுதி முடித்தது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கு இரண்டு நாள் முன்னால். இதையும் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் பிள்ளைகளுக்காகச் செய்தது. அவர்களும் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அவள் வீட்டு வாசலில் தினமும் பிள்ளைகள் வந்து எதையோ வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று காவலர் ஒருவர் சொன்னார். சிவப்பு இறகுகளாகத்தான் இருக்கும் என்றேன்.

"இல்ல, மிஸ்டர் தோர்ப். பஸ் டிக்கெட்."

"என்ன?"

"பஸ் டிக்கெட் வைக்கறாங்க. கேட் முழுக்கச் செருகி வெச்சிருக்காங்க. என் பொண்ணும் ஒண்ணு வெச்சா."

உங்கள் குரல் கொஞ்சம் உடைந்தது. நான் நாகரிகமாகத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளுக்காக நான் எவ்வளவு செய்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னும் ஒரே ஒரு கேள்வி என்றீர்கள். முதல் பக்கத்தை என் பக்கம் திருப்பி, முதல் இரண்டு வாக்கியத்தின்மேல் விரலை வைத்தீர்கள்.

"நான் இந்தப் பள்ளத்தாக்குலயே பொறந்து வளந்தவ. அதே பஸ்லதான் ஸ்கூலுக்குப் போனேன். ஆத்துப் பக்கம் வெயிலை எதிர்மலை மறைச்சிடும். அக்டோபர்ல போற சூரியனை ஏப்ரல்லதான் பாப்போம். நீங்க வந்தது எல்லாம் குளிர்காலம். எந்த வெயில் உங்க மூஞ்சியில அடிச்சுது?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"பப் நாலும் ஆத்துப் பக்கம்தான் இருக்கு; அங்க உக்காந்தா போர்டு கண்ணுல படாம போகாது. எந்த வருஷத்துல இருந்து மலைப் பக்கம் உக்கார ஆரம்பிச்சீங்க, மிஸ்டர் தோர்ப்?"

அன்னம் வந்த வருடத்திலிருந்து.

எழுதிவிட்டேன். இருந்தாலும், சார்ஜென்ட், எடிட்டராக ஒரு யோசனை. நான் செய்ததை எல்லாம் மேலே முழுமையாக ஒப்புக்கொண்டுவிட்டேன்; கொண்டி, மண்ணெண்ணெய், அவள் கூப்பிட்ட இரண்டு தடவை எல்லாம் இருக்கட்டும். இந்தக் கடைசிக் கேள்வியையும் அதற்குக் கீழே உள்ள ஒற்றை வரியையும் மட்டும் வெட்டிவிடுங்கள். வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள்.